பொம்பளைக்குக் கோபம் ஆகாதா?



1999-ல் வந்த ‘படையப்பா’ படத்தில் ரஜினிகாந்த் ஒரு அறிவுரை சொல்வார். ஆணுக்குப் பேராசை ஆகாது, பெண்ணுக்குக் கோபம் ஆகாது என்பதுதான் அது. நாமும் கை தட்டினோம்.

கொஞ்சம் யோசிப்போம். ஆணின் கோபத்தால் கெட்ட குடும்பம் நம்ம ஊரில் இல்லையா? அவர் கத்தினால் ‘ஆம்பளைன்னா அப்படித்தான்’. நாம் எதிர்த்துக் கேட்டால் ‘அடங்காப்பிடாரி’. இந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பல பேர் அடியைக்கூட வெளியே சொல்வதில்லை.

2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் பொறுத்துப் போகச் சொல்லவில்லை. அடிப்பது, கேவலமாகப் பேசுவது, வீட்டுச் செலவுக்குப் பணம் தராதது எல்லாமே வன்முறைதான். உதவிக்கு 181-க்கு போன் செய்யலாம்.

குழுவில் பேசுவோம்: மகனுக்கு ஒரு அறிவுரை, மகளுக்கு வேறு அறிவுரை சொல்கிறோமா? ஏன்?