கையெழுத்துப் போட்டால் கதை முடிந்ததா?

“ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டுட்டோம் சார், இனிமே ஒண்ணும் பண்ண முடியாதாமே?”

பல் மருத்துவமனையில் பணத்தையும் பல்லையும் இழந்து வருகிறவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது. ரூட் கேனால் செய்த பல்லில் மாதக்கணக்கில் சீழ் வடிகிறது என்பார் ஒருவர். ஒரு பல்லுக்குக் கேப் என்று சொல்லி அக்கம்பக்கத்துப் பற்களையும் ராவிவிட்டார்கள் என்பார் இன்னொருவர். இம்ப்ளான்ட்டுக்கு முழுப் பணமும் கட்டிய பிறகு மருத்துவரே மாறிவிட்டார், புதியவர் மறுபடி அட்வான்ஸ் கேட்கிறார் என்பார் மூன்றாமவர். எல்லாம் சொல்லி முடித்ததும் குரல் இறங்கிவிடும், கையெழுத்துப் பேச்சு வந்துவிடும். யார் சொன்னது என்று கேட்டால் ரிசப்ஷனில் இருந்த பெண், பக்கத்து வீட்டுக்காரர், மச்சானுக்குத் தெரிந்த யாரோ என்று ஆளுக்கொரு பெயரைச் சொல்வார்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அப்படி ஒரு சட்டமும் இல்லை, பிரிவும் இல்லை.

நுகர்வோர் வழக்குகளை நடத்துகிறவன் என்ற முறையில் இந்தப் பொய்யைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. முதலில் இதை முடித்துவிடுவோம்.

நம்பிக்கை: ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டால் வழக்குப் போடும் உரிமை போய்விடும்.

உண்மை: போகாது. ஒப்புதல் படிவம் என்பது ‘இந்தச் சிகிச்சையை எனக்குச் செய்யலாம், இதில் உள்ள ஆபத்துகள் எனக்குச் சொல்லப்பட்டன’ என்பதற்கான சான்று. அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஞானப்பல்லை எடுத்தால் கீழுதடு சில காலம் மரத்திருக்கக்கூடும் என்று சொல்லி, நீங்களும் சம்மதித்து, அவரும் கவனமாகவே எடுத்து, அதன் பிறகும் உதடு மரத்தால் அந்தப் படிவம் மருத்துவருக்குத் துணை நிற்கும். அது நியாயமும்கூட. ஆனால் வலிக்கிற பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கலாம் என்று நீங்கள் சம்மதிக்கவில்லை. அடைக்காத பல்லுக்குப் பில் போடலாம் என்றும் சம்மதிக்கவில்லை. கவனக்குறைவுக்கு முன்கூட்டியே ஒப்புதல் தருகிற மனிதன் உலகத்தில் கிடையாது.

சில படிவங்களில் ஒருபடி மேலே போய், ‘எந்த நீதிமன்றத்துக்கும் போக மாட்டேன்’ என்று ஒரு வரியைச் சேர்த்திருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் படித்தவர்களே பயப்படுகிறார்கள். 1872-இல் வந்த இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆவது பிரிவைப் படியுங்கள். ஒருவர் தன் உரிமைக்காக வழக்குத் தொடுப்பதை முழுவதுமாகத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது அது. நூற்றைம்பது ஆண்டுகளாகச் சட்டம் இப்படித்தான் இருக்கிறது. அச்சடித்த வரிக்குக் கீழே உங்கள் கையெழுத்து இருப்பதால் அந்த வரிக்கு உயிர் வந்துவிடாது.

இன்னும் முக்கியமானது 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் தந்த தீர்ப்பு. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணுக்கு, வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கி, கருப்பையையே எடுத்துவிட்டார்கள். அறுவை சிகிச்சையில் திறமைக் குறைவு இருந்ததாக நீதிமன்றம் சொல்லவில்லை. மருத்துவர் நல்லெண்ணத்தோடு செய்தார் என்பதையும் ஏற்றது. ஆனாலும் பரிசோதனைக்குத் தந்த சம்மதம் அறுவை சிகிச்சைக்குத் தந்த சம்மதம் ஆகாது என்று சொல்லி, கட்டணம் முழுவதையும் மறுத்து, 25,000 ரூபாய் இழப்பீடும் கொடுக்க உத்தரவிட்டது. சம்மதம் வாங்குமுன் என்ன சிகிச்சை, எதற்காக, வேறு வழி உண்டா, ஆபத்து என்ன, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் நோயாளிக்குச் சொல்லப்பட வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு வரையறுத்தது.

இதைப் பல் மருத்துவர் நாற்காலிக்குக் கொண்டு வாருங்கள். ஒரு சொத்தைப் பல்லுக்காகப் போகிறீர்கள். ஊசி போட்டு வாய் மரத்துவிட்டது. பேச முடியாத நிலையில், “இன்னும் மூணு பல்லு சரியில்ல, அதையும் சேர்த்துப் பாத்துடலாமா?” என்கிறார்கள். நீங்கள் ‘ம்’ என்கிறீர்கள். வெளியே வந்ததும் நான்கு பல்லுக்கு பில் நீட்டுகிறார்கள். அவசர ஆபத்து எதுவும் இல்லாதபோது இப்படி வாங்கும் ‘ம்’ சட்டம் சொல்லும் சம்மதம் அல்ல என்று வாதாட உங்களுக்கு முழு உரிமை உண்டு. கேப் போடுவதற்காக ராவிய பல்லின் மேற்பூச்சு மறுபடி வளராது. அதனால்தான் பல் விஷயத்தில் முன்கூட்டிய சம்மதத்துக்கு இத்தனை எடை.

ஆகவே அந்தப் படிவத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பல், என்ன சிகிச்சை, என்ன ஆபத்து என்ற இடங்கள் நிரப்பப்படாமல் வெறும் கையெழுத்து மட்டும் இருக்கும் படிவம் வழக்கில் உங்கள் பக்கத்துச் சாட்சி. அதைக் காட்டி உங்களையே மிரட்டுகிறார்கள், நீங்களும் மிரண்டு திரும்புகிறீர்கள்.

இந்தப் பொய்யால் வரும் உண்மையான சேதம் வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு புகார் கொடுக்க இரண்டு ஆண்டுகள்தான் தருகிறது. ‘ஒன்றும் செய்ய முடியாது’ என்று நம்பி உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த இரண்டு ஆண்டுகள் அப்படியே கரைந்துபோகின்றன. தாமதத்தை மன்னிக்க நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதற்குப் போதுமான காரணம் காட்ட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பினேன் என்பதைப் போதுமான காரணமாக ஏற்கச் செய்வது மிகக் கடினம்.

மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: புது நுகர்வோர் சட்டத்தில் மருத்துவத்தை நீக்கிவிட்டார்கள்.

உண்மை: 1995-இல் வி.பி.சாந்தா வழக்கில், கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 சட்டத்தின் வரையறையில் மருத்துவம் என்ற சொல் இல்லை என்பதைக் காட்டி, அதை வெளியேற்றப் பார்த்தார்கள். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எல்லோருக்கும் எல்லாவற்றையும் இலவசமாகச் செய்யும் இடங்கள் மட்டுமே இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன.

நம்பிக்கை: சிகிச்சை பலிக்கவில்லை என்றால் மருத்துவர் பணத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும்.

உண்மை: இல்லை. இந்தப் பக்கத்துப் பொய்யையும் நான் விட மாட்டேன். நன்றாகச் செய்த ரூட் கேனாலும் சில சமயம் தோற்கும். வேருக்குள் மெல்லிய ஃபைல் கருவி முறிவதும் அறியப்பட்ட ஆபத்துதான். முறிந்ததைச் சொல்லாமல் மறைத்து மேலே கேப் போட்டு அனுப்புவதுதான் குற்றம். தோல்வியைக் காட்டினால் போதாது, கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. அடைப்பு வேரின் நுனி வரை போனதா, பாதியிலேயே நின்றதா என்பதை எக்ஸ்ரே காட்டும். எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சி கட்டாயம் இல்லை என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தவறான பல்லைப் பிடுங்கியது போன்றவை தாமே பேசும். மற்றவற்றுக்கு இன்னொரு பல் மருத்துவரின் எழுத்து இல்லாமல் வழக்கு நிற்காது.

நம்பிக்கை: எக்ஸ்ரே கிளினிக்கின் சொத்து, கேட்டாலும் தர மாட்டார்கள்.

உண்மை: சிகிச்சைப் பதிவுகளை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது இந்தியப் பல் மருத்துவக் கவுன்சிலின் 2014 ஒழுக்க விதிகளில் இருக்கிறது. வாயால் கேட்காதீர்கள். எழுதிக் கேளுங்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: பில் வேண்டுமென்றால் ஜிஎஸ்டி சேரும்.

உண்மை: சொத்தை அடைப்பது, ரூட் கேனால், பல் எடுப்பது எல்லாம் மருத்துவச் சேவை, ஜிஎஸ்டி விலக்கு பெற்றவை. அழகுக்காக மட்டும் செய்துகொள்வதன் கதை வேறு. செய்த வேலைக்கு பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம் என்கிறது நுகர்வோர் சட்டம். ‘கட்டிய பணம் திரும்பத் தரப்படாது’ என்ற முத்திரையும் அப்படித்தான். குறைபாடான சேவைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. ‘பில் இல்லைன்னா ஆயிரம் ரூபா கம்மி’ என்பதற்கு மயங்கினால் ஆதாரத்தை ஆயிரம் ரூபாய்க்கு விற்றுவிட்டீர்கள் என்று பொருள்.

நம்பிக்கை: வேலை பாதியில் நின்றால் இஎம்ஐ கட்டுவதை நிறுத்திவிடலாம்.

உண்மை: கிளினிக்கில் உட்கார்ந்தபடியே போனில் எடுத்துக் கொடுத்தாலும் கடன் தனி ஒப்பந்தம். பேசாமல் நிறுத்தினால் உங்கள் சிபில் மதிப்பெண்தான் கெடும். கிளினிக்குக்கும் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் ஒரே நாளில் எழுதுங்கள், புகாரில் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள்.

நம்பிக்கை: போலீஸுக்குப் போனால்தான் பயப்படுவார்கள்.

உண்மை: 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவர்மீது கிரிமினல் வழக்குக்கு உயர்ந்த அளவுகோலை வைத்தது. கவனக்குறைவு மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும், அதற்கு முன் தகுதியான மருத்துவர் ஒருவரின் கருத்தையும் போலீஸ் பெற வேண்டும். பில் தகராறுக்கு அது வழியல்ல. ஆட்களோடு போய்க் கண்ணாடியை உடைப்பவர்களுக்கு, மருத்துவப் பணியாளர்களைக் காக்கும் 2008 தமிழ்நாட்டுச் சட்டம் காத்திருக்கிறது. அது ஜாமீனில் வர முடியாத குற்றம். கையை ஓங்கிய நொடியில் உங்கள் நியாயம் முழுவதும் போய்விடும்.

நம்பிக்கை: பல் மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்தால் பணம் வரும்.

உண்மை: வராது. தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் ஒழுக்கத்தை விசாரிக்கும், பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கவும் செய்யும். பணம் வாங்கித் தருவது நுகர்வோர் ஆணையத்தின் வேலை.

நம்பிக்கை: வழக்குச் செலவுக்கே பல் வைத்தியச் செலவைவிட அதிகம் ஆகும்.

உண்மை: நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை, வக்கீலாகிய நானே சொல்கிறேன். சென்னையில் சிகிச்சை எடுத்துக்கொண்டு திருநெல்வேலியில் குடியிருந்தால் திருநெல்வேலியிலேயே புகார் கொடுக்கலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள், சில கிளினிக்குகள் அங்கேயே இறங்கி வரும். சட்டம் சொல்லும் மூன்று மாதத்தில் தீர்ப்பு வந்துவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், நடைமுறையில் அதைவிட நீளும்.

ஆனால் இந்தப் பொய்கள் எல்லாம் வேர்விடும் இடம் ஒன்று உண்டு. அது ஆங்கிலப் படிவம். பொடி எழுத்தில் இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் அச்சடித்து, தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த அம்மாவிடம் ‘இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு’ என்று விரலால் காட்டிக் கையெழுத்து வாங்குகிறார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அதனால் யார் என்ன சொன்னாலும் நம்புகிறார். விளங்கிக்கொண்டு தருவதே சம்மதம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. விளங்காத மொழியில் வாங்குவதற்கு என்ன பெயர்?

1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு கிளினிக்கையும் பதிவு செய்யும் சுகாதாரத் துறையால் இந்த நிலையை மாற்ற முடியும். ஒரே ஒரு பக்கம் போதும். எந்தப் பல், என்ன சிகிச்சை, எத்தனை தடவை வர வேண்டும், மொத்தம் எவ்வளவு, தோற்றால் என்ன செய்வோம் என்று தமிழில் ஒரு படிவம். அதைப் பதிவுக்கான நிபந்தனையாக ஆக்குங்கள். நேர்மையான பல் மருத்துவர்கள்தான் இங்கே அதிகம், அவர்களுக்கும் இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது. தகராறுகளில் பெரும்பகுதி செய்த வேலையால் வருவதில்லை, சொல்லாமல் விட்டதால் வருகிறது. பல் மருத்துவக் கவுன்சிலும் சங்கங்களும் அரசாணைக்குக் காத்திராமல் நாளையே தொடங்கலாம்.

அதுவரை உங்கள் வேலையை நீங்கள் செய்யுங்கள். வாய் மரப்பதற்கு முன் எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்கள். பிரச்சினை வந்தால், கெட்டுப்போன பல்லை இன்னொருவர் கழற்றிச் சரிசெய்வதற்கு முன் புதிய எக்ஸ்ரேயும் போட்டோவும் எடுத்து, அவரிடம் பார்த்ததை எழுதி வாங்குங்கள். சரிசெய்த பிறகு பழைய தவறுக்குச் சாட்சி இருக்காது. தனியார் எழுதித் தரத் தயங்கினால் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் காட்டுங்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால், பில்லை எடுத்துச் சிகிச்சை நடந்த தேதியை இன்றைக்கே பாருங்கள். இரண்டு ஆண்டுகள் முடியவில்லை என்றால் இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள்.