குதிரும் வண்டும்: கூலம் காத்த முறைகள் பற்றி ஒரு நோக்கு

"எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்னும் பழமொழியை வகுப்பில் கூறும்போதெல்லாம் மாணவர் சிரிக்கின்றனர். குதிர் என்பது யாது என வினவினாலோ பலர் விடையின்றி நிற்கின்றனர். ஓர் ஆள் ஒளிந்துகொள்ளும் அளவுக்குப் பெரிய மட்கலம் ஒன்று வீட்டின் உள்ளேயே நின்றிருந்தது என்பது அவர்களுக்குப் புதுச் செய்தியாக இருக்கிறது. பழமொழி வாழ்கிறது, அதனுள் இருந்த பொருள் மறைந்துவிட்டது. அப்பொருளோடு மறைந்த அறிவு எத்தகையது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

களிமண்ணோடு வைக்கோல் துணுக்குகளைச் சேர்த்துப் பிசைந்து, உறை உறையாக அடுக்கிக் குதிரை எழுப்புவர். நெல்லைக் கொட்டியபின் மேல்வாயை மூடி, மண்ணும் சாணமும் கொண்டு மெழுகிவிடுவர். நெல்லை எடுப்பதற்கு அடிப்பகுதியில் ஒரு சிறு துளை இருக்கும். அன்றாடத் தேவைக்காக மேல்மூடியைத் திறக்க வேண்டிய இன்றியமையாமை இல்லை. திறக்காத வாயில் பூச்சி நுழைவதில்லை. பலகையால் செய்தது பத்தாயம். மூங்கிலோ கொடியோ கொண்டு பின்னி மெழுகியது தொம்பை. வைக்கோற் புரியால் சுற்றிக் கட்டியது சேர். தென்மாவட்டங்களில் குலுக்கையும் கோட்டையும் வழங்கின. கோட்டை என்பது நெல்லை வைக்கோலில் பொதிந்து கட்டும் கட்டு மட்டுமன்றி, அளவைப் பெயராகவும் நின்றது. தஞ்சைப் பகுதியில் பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்துச் செங்கற் களஞ்சியம் இன்றும் நிற்பதைக் காணலாம். ஒரு தேவைக்கு ஒரு மொழி இத்தனை சொற்களை ஈன்றிருக்குமாயின், அத்தேவை அம்மக்களின் உயிர்நிலையாக இருந்திருத்தல் வேண்டும்.

இனி, பகைவர் யாவர் எனக் காண்போம். நெல் அந்துப்பூச்சி குவியலின் மேற்பரப்பிலேயே பெரிதும் கேடு செய்யும். மெல்லிய சிறகுடைய அது ஆழத்திற்குச் செல்ல இயலாது. அரிசிக் கூன்வண்டு அவ்வாறன்று. தாய்வண்டு தன் நீண்ட மூக்கால் மணியைத் துளைத்து, முட்டையை உள்ளே வைத்து, துளையைப் பசைபோன்ற நீரால் அடைத்துவிடும். புழு உள்ளிருந்தே தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, வண்டாகி வெளிவரும். அதுவரை மணி வெளித்தோற்றத்தில் குறையற்றே இருக்கும். கையில் அள்ளிப் பார்த்து "நல்ல அரிசி" என்று நாம் சொல்லும் அந்நேரத்தில் உள்ளே புழு வளர்ந்துகொண்டிருக்கலாம். சிவப்பு மாவு வண்டோ முழுமணியை எளிதில் தாக்காது. குருணையிலும் மாவிலும் பெருகும். ஆகவே நொய்யும் உமியும் கலந்த சரக்கில் அதற்குக் கொண்டாட்டம்.

இவை எல்லாவற்றினும் நம் இல்லங்களில் மிகுந்த இழப்பைத் தருவது பயறு வண்டே என்பது எம் கருத்து. இது கிடங்கில் தோன்றும் பூச்சி எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், காய் முற்றும் காலத்தில் வயலிலேயே முட்டையிட்டுவிடுகிறது. அறுவடையோடு அதுவும் வீடு வந்து சேர்கிறது. முட்டை பயற்றின் தோல்மீது வெண்புள்ளியாக ஒட்டிக்கொண்டிருக்கும். புழு முட்டையின் அடிப்புறமாகவே தோலைத் துளைத்து நேரே பருப்புக்குள் புகுவதால், அது வெளியே ஊர்ந்து செல்வதை எவரும் காண்பதில்லை. வெளிவந்த வண்டு ஒன்றும் உண்ணாது; ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு நாள் வாழ்ந்து, முட்டையிட்டு மடியும். ஒரு பெண்வண்டு நூறு முட்டைவரை இடக்கூடும்; ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ ஒரு திங்கள் போதும்.

மாணவர்க்காக ஒரு சிறு கணக்கு. நூறில் நாற்பதே பிழைக்கின்றன என்றும், அவற்றுட் பாதி பெண் என்றும் கொள்வோம். ஒரு பெண்வண்டிலிருந்து முதல் திங்களில் 20 பெண்வண்டுகள். இரண்டாம் திங்களில் 400. மூன்றாம் திங்களில் 8,000. ஆண்வண்டுகளையும் சேர்த்தால் 16,000. ஒரு கிலோ உளுந்தில் ஏறத்தாழ 25,000 மணிகளே உள்ளன. தையில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று சித்திரையில் மூட்டையையே உளுத்துப் போகச் செய்வதன் மருமம் இதுதான். உண்ணும் உளுந்து போனால் கடையில் வாங்கலாம். விதைக்கு வைத்தது போனால் அடுத்த பட்டத்தையே இழக்க நேரும். புழு தின்னும் பகுதியில் முளையும் அடங்கிவிடுமன்றோ?

காப்பின் முதற்படி காயவைத்தலே. நெல்லின் ஈரம் நூற்றுக்கு 13 அளவிலும், பயறு வகையின் ஈரம் 10-க்குக் கீழும் இருத்தல் நலம். அளக்கும் கருவி இல்லாத காலத்தில் நம் பாட்டிமார் ஒரு மணியைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்தனர். 'கடக்' என ஒலித்து உடைந்தால் காய்ந்தது என்றனர். வெயில் ஈரத்தைப் போக்குவதோடு, வண்டுகளையும் விரட்டிவிடுகிறது. காய்ந்த தானியத்தைச் சூடு ஆறியபின்னரே கலத்தில் இடல் வேண்டும்; சூட்டோடு கட்டிய மூட்டை உள்ளே வியர்த்து, உலர்த்திய பயனைக் கெடுத்துவிடும்.

அடுத்து வருவன பூச்சும் கலப்பும். துவரைக்குச் செம்மண் கட்டி உலர்த்தி வைத்தல் நம் நாட்டில் நெடுநாள் வழக்கம். தோலின்மேல் மண்படலம் படிந்திருப்பதால் முட்டை பயற்றோடு நேரே ஒட்டுவதற்கு இடமில்லாது போகிறது. கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி சமையல் எண்ணெய் தடவி வைப்பதும் அத்தகையதே. முட்டைக்குள் காற்றுப் புகுவதை எண்ணெய்ப்படலம் தடுத்துவிடுகிறது. சாம்பலும் நுண்ணிய களிமண்தூளும் வண்டின் மேலுறையைச் சிராய்த்து, உடலின் நீரை வற்றச் செய்கின்றன. பயற்றின்மேல் சில விரற்கடை உயரத்திற்கு மணல் பரப்பினால், வண்டு உள்ளிறங்கி முட்டையிட இயலாது. பயற்றை உடைத்துப் பருப்பாக்கி வைப்பதும் ஒரு காப்பே. முழுப்பயற்றை நாடுவதுபோல் இவ்வண்டு உடைத்த பருப்பை நாடுவதில்லை.

வேம்பு, நொச்சி, வசம்பு ஆகியவற்றைப் பற்றிச் சற்று விழிப்போடு பேச விரும்புகிறோம். இவை புதிதாக வரும் பூச்சியை வெறுத்தோடச் செய்வன. மணிக்குள் முன்பே குடிபுகுந்துவிட்ட புழுவை இவற்றின் வாசம் அவ்வளவாகத் தீண்டாது. நாமும் ஒருமுறை இதில் ஏமாந்தோம். ஊரிலிருந்து வந்த உளுந்தைக் காயவைக்காமல், முட்டை உண்டா என நோக்காமல், பச்சை நொச்சித் தழையைக் கொய்து இடையிட்டு மூடிவைத்தோம். இரு திங்களில் பாத்திரத்தில் எஞ்சியது துளை விழுந்த தோலும் மாவும்தான். பிழை நொச்சியினதன்று. பச்சைத்தழை தன் ஈரத்தையும் உளுந்திற்கு ஊட்டிவிட்டது. தழையை நிழலில் உலர்த்தியே இடல் வேண்டும் என்பதை அன்று வீட்டு மூதாட்டி சொல்லித் தந்தார்; சற்று நகைத்துக்கொண்டே சொன்னார்.

திருக்குர்ஆனின் 12-ஆம் அத்தியாயத்தில் நபி யூசுஃப் (அலை) அவர்கள் மன்னரின் கனவுக்கு விளக்கம் கூறும் இடம் நம் மாணவர் அறிந்ததே. வளமான ஏழாண்டுகளின் விளைச்சலில், உண்பதற்குரிய சிறுபகுதி நீங்கலாக எஞ்சியதைக் கதிரோடு விட்டுவைக்க வேண்டும் என்பது அங்குக் காணும் அறிவுரை. கதிரிலுள்ள மணியை அதன் உமியே போர்த்திக் காக்கிறது. அரிசியைவிட நெல் நெடுநாள் நிற்பதற்கும் இதுவே காரணம். உமி பிளவுபடாத நெல்லில் கூன்வண்டு புகுவது அரிது. குத்திய அரிசியை ஆண்டுக்கணக்கில் அடுக்கி வைக்காமல், நெல்லாக வைத்து வேண்டியபோது குத்திக்கொண்ட வழக்கத்தின் பொருள் இங்கு விளங்கும்.

இக்காலத்தில் பெருங்கிடங்குகளைக் காப்பது நச்சுப்புகை. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்னும் வளியை வெளியிடுகிறது. 3 கிராம் மாத்திரை ஒன்று 1 கிராம் வளியைத் தரும். புழுவையும் கூட்டுப்புழுவையும் மணிக்குள்ளேயே கொல்லவல்லது அது. மனிதரையும் அவ்வாறே கொல்லும். ஆகவேதான் இந்தியாவில் பயிற்சி பெற்றோர் மட்டுமே, உரிய மேற்பார்வையில் இதனைக் கையாளலாம் என வரையறுத்துள்ளனர். ஆயினும், ஒன்றிரண்டு மாத்திரைகளைத் துணியில் முடிந்து வீட்டு மூட்டைக்குள் போடுவோர் இன்றும் உளர். அம்மூட்டை இருக்கும் அறையிலேயே பிள்ளைகளும் உறங்குகின்றனர். எந்தச் சூழலிலும் குடியிருக்கும் வீட்டில் இதனைப் பயன்படுத்தலாகாது. மேலும், மூடாப்பில் ஓட்டை இருந்தால் வளி கசிந்து, குறைந்த அளவே உள்ளே நிற்கும். வலிய பூச்சிகள் அதற்குத் தப்பிப் பெருகும். மாவு வண்டு முதலியவற்றில் இத்தகைய எதிர்ப்பாற்றல் தோன்றியிருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர்.

நஞ்சின்றிக் காக்கும் வழி ஒன்று 1980-களின் இறுதியில் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் உருவாயிற்று. காராமணியை வண்டு அழிப்பதைத் தடுக்க, பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர் அந்நாட்டவரோடு சேர்ந்து மூவடுக்குப் பை ஒன்றை வகுத்தனர்: உள்ளே இரண்டு பாலித்தீன் பைகள், வெளியே ஒரு நெய்த சாக்கு. ஒவ்வொன்றையும் தனித்தனியே இறுகக் கட்டிவிட்டால், உள்ளிருக்கும் வண்டுகள் தாம் மூச்சுவிடும் உயிர்வளியைத் தாமே தீர்த்துக்கொண்டு, உண்ணல் ஒழிந்து, உடல்நீர் வற்றி மடிகின்றன. நம் குதிரும் இதே கொள்கையினதே என உடனே முழங்கிவிடுதல் மிகை. மண்சுவர் காற்றை முழுதும் தடுப்பதன்று. எனினும் வாயை மெழுகி மூடியோர் அத்திசையிலேயே சிந்தித்தனர் எனலாம்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வகுத்த பூச்சிப்பொறியும் அறியத்தக்கது. துளைகளிட்ட குழாயைத் தானியத்துள் செருகிவைத்தால், காற்றோட்டத்தை நாடி அலையும் வண்டுகள் துளைவழி நுழைந்து அடிக்குழலில் விழுந்து, ஏறிவர இயலாது நிற்கின்றன. சில நாட்களுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால், மூட்டை கெடுவதற்கு முன்பே செய்தி தெரிந்துவிடும். பொறி இல்லாதோர் ஒரு கைப்பிடிப் பயற்றை வெள்ளைத் தட்டில் பரப்பி, சன்னலருகே வைத்து வெண்புள்ளி உண்டா என நோக்கட்டும். ஒரு மணியில் கண்டாலும் அன்றே வெயிலில் கொட்டுக.