முதலில் போவது கால்

போன வாரம் காலைப் பயிற்சி முடிந்து கைத்துணியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது உங்களில் இரண்டு பேர் வந்து, "வாத்தியாரே, புரொஃபஷனலுக்குப் போகலாம்னு இருக்கோம்" என்றீர்கள். எனக்குச் சந்தோஷம்தான். வடசென்னையில் ஐம்பது வருஷமாகக் கிளவுஸ் வாடையிலேயே கிடப்பவன், போகாதே என்று எப்படிச் சொல்வேன்? ஆனால் ரிங்கில் ஏறச் சொல்லிக்கொடுத்த அளவுக்கு இறங்க நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தக் குறை ரொம்ப நாளாக மனசை அறுக்கிறது. அதனால் எழுதித் தருகிறேன். இருபது வயதில் இது எதற்கு என்று மடித்து வைத்துவிடாதே. படித்துவிட்டு, வீட்டில் ஒருவரிடமும் கொடு.

1. இறங்குகிற நாளைப் பற்றி ஏறும்போதே பேசிவிடு.

1980 தொடக்கத்தில் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை. எம்.ஜி.ஆர். வந்திருந்தார். நான் அப்போது உங்கள் வயதுப் பையன். முன்னால் நிற்பவர்களின் தோளுக்கு மேல் எம்பி எம்பிப் பார்த்தேன். அன்றைக்கு அலி ஓய்வு பெற்ற சாம்பியன். லியான் ஸ்பிங்ஸிடம் இழந்த பட்டத்தை 1978-இல் அவரிடமிருந்தே திரும்ப வாங்கி, மூன்றாவது முறையாக ஹெவிவெயிட் சாம்பியனாகி, போதும் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். இறங்குவதற்கு அதைவிட நல்ல இடம் எந்த பாக்ஸருக்குக் கிடைக்கும்?

அதே வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி லாஸ் வேகாஸில் மறுபடி ஏறினார். எதிரே லாரி ஹோம்ஸ். ஒரு காலத்தில் அலிக்கே ஸ்பாரிங் கொடுத்தவர். அலிக்கு வயது 38. தைராய்டு மாத்திரை சாப்பிட்டு உடம்பு இளைத்திருந்தது, நரைக்குச் சாயம் ஏறியிருந்தது. பழைய அலி வந்துவிட்டார் என்றார்கள். மணி அடித்தபின் தெரிந்தது. பத்து ரவுண்டு அடி வாங்கினார். ஒரு ரவுண்டைக்கூட நடுவர்கள் அவர் பக்கம் எழுதவில்லை. பத்தாவது முடிந்ததும் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ சண்டையை நிறுத்தினார். ஜெயித்த ஹோம்ஸ் அழுதார்.

அப்படியும் விடவில்லை. 1981 டிசம்பரில் பஹாமாஸ் தீவில் ட்ரெவர் பெர்பிக்கோடு ஏறி, அதிலும் தோற்றார். 1984-இல் டாக்டர்கள் பார்க்கின்சன் நோய் என்றார்கள். அந்தக் கடைசி அடிகளால்தான் வந்தது என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், அது டாக்டர்களின் வேலை. ஆனால் அந்த இரண்டு சண்டைகளும் இல்லாமல் போயிருந்தால் அவர் பெயரில் ஒரு அணுவும் குறைந்திருக்காது. இது எனக்கு நிச்சயம்.

அலிக்கே அந்த நாள் தெரியவில்லை என்றால் உனக்கும் தெரியாது. தெரியும் என்று நினைக்காதே. அதனால்தான் இப்போதே பேசு என்கிறேன்.

2. முதலில் கால் போகும். குத்து கடைசியில்தான் போகும்.

எல்லோரும் ஏமாறுகிற இடம் இது. நாற்பது வயதிலும் பையில் குத்தினால் பழைய சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டு, இன்னும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வான். கால் போய்விட்டிருக்கும். நழுவி வெளியே வர வேண்டிய நேரத்தில் கயிற்றில் சாய்ந்து நிற்பான். வருகிற ஜாப்பைக் கண் பார்க்கும், தலை நகர்வதற்குள் மூக்கில் விழுந்திருக்கும். பழைய நாளில் இடைவெளி தெரிந்ததும் கை தானாகப் போகும். இப்போது இடைவெளி தெரிகிறது, கை யோசிக்கிறது.

கவனிக்க வேண்டியது உன் குத்து எப்படி விழுகிறது என்பதில்லை. போன வருஷம் உன்னைத் தொட முடியாத பையன் இந்த வருஷம் ஸ்பாரிங்கில் எத்தனை முறை தொடுகிறான்? அதை எண்ணு. நீ எண்ண மாட்டாய், நான் எண்ணுவேன்.

3. வயதை மட்டும் பார்க்காதே, வாங்கிய அடியையும் பார்.

லாஸ் ஏஞ்சலஸில் வைல்டு கார்டு ஜிம் நடத்தும் ஃப்ரெடி ரோச்சை உங்களுக்குத் தெரியும், மேனி பாக்கியாவோவின் வாத்தியார். அவரும் பாக்ஸராக இருந்தவர். அவருக்குப் பயிற்சி கொடுத்த எடி ஃபட்ச், போதும் விட்டுவிடு என்று சொன்னார். ரோச் கேட்கவில்லை, சண்டை போட்டார், தோற்றார். கடைசியில் 1986-இல் விட்டபோது அவருக்கு வயது 26 தான். இன்று பார்க்கின்சனோடு வாழ்கிறார். மற்றவர்களை உருவாக்குகிற அந்தக் கை நடுங்குகிறது. இருபத்தாறு வயதிலேயே ஒருவனுக்கு நேரம் முடிந்து போகலாம் என்பதை அவரைப் பார்த்துத்தான் நான் நம்பினேன்.

அமெரிக்க டாக்டர் ஹாரிசன் மார்ட்லண்ட், அடி வாங்கி வாங்கி மூளை கலங்கிய பாக்ஸர்களைப் பற்றி 1928-லேயே எழுதிவிட்டார். நாக் அவுட் ஆனால்தான் சேதம் என்று நினைக்காதே. சின்னச் சின்ன அடியும் சேரும். அதில் பெரும் பங்கு ஸ்பாரிங்கில் வாங்குவது. வயதானால் மூளை கொஞ்சம் சுருங்கும், மண்டை ஓட்டுக்கும் அதற்கும் நடுவே இடம் கூடும், அங்கே ஓடுகிற மெல்லிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். இருபதில் தாங்கிய அதே குத்தில் நாற்பதில் குழாய் அறுந்து ரத்தம் கசியலாம். பயமுறுத்தச் சொல்லவில்லை. ஹெட்கார்டு போட்டிருக்கிறோமே என்று தினமும் ஒருவரை ஒருவர் மொத்திக்கொள்கிறீர்களே, அதை இன்றோடு நிறுத்துங்கள். அதில் இழப்பதை எண்ணி வைத்துக்கொள்ள ரிங்கில் ரெஃப்ரியும் இல்லை, நடுவரும் இல்லை.

4. அடையாளம் ரிங்குக்கு வெளியேதான் முதலில் தெரியும்.

என்னிடம் பதினாறு வயதில் வந்த ஒருவன். பெயர் வேண்டாம், அவன் பிள்ளைகள் இந்த ஏரியாவில்தான் இருக்கிறார்கள். முப்பத்து நான்கு வயதில் வெளிநாட்டில் காசுக்கு ஒரு சண்டை வந்தது. கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது ஒரு நாள் டீக்கடையில் பேசிக்கொண்டே கிளாஸை மேசை விளிம்பில் வைத்தான். பாதி கிளாஸ் வெளியே. விழுந்து உடைந்தது. சிரித்துக்கொண்டே காசு கொடுத்தான். இரண்டு நாள் கழித்து அதே மேசை, அதே மாதிரி. கடைக்காரர் அதற்கப்புறம் அவனுக்குப் பேப்பர் கப்பில் கொடுத்தார். சட்டைப் பித்தானைப் போட விரல் தடுமாறியது. காலையில் சொன்ன கதையைச் சாயங்காலம் புதுசு போலச் சொன்னான்.

நான் எல்லாவற்றையும் பார்த்தேன். வீட்டுக் கடன், தங்கச்சி கல்யாணம், பாவம் ஒரு சண்டைதானே என்று வாயை மூடிக்கொண்டேன். போனான். மூன்றாவது ரவுண்டில் விழுந்தான். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றும் பார்க்க வருகிறான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிக்கிறான், அப்புறம் நான் யார் என்று ஒரு நொடி தேடுகிறான். அந்த ஒரு நொடி எனக்குத் தாங்க முடியவில்லை.

உன் வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லி வை. பேச்சு குழறினால், காரணமில்லாமல் கோபம் வந்தால், தலைவலி நாலு நாள் நின்றால், வைத்த சாவியைத் தினம் தேடினால், உடனே என்னிடம் வரட்டும். நீ வராதே, அவர்கள் வரட்டும். நீ வந்தால் மறைப்பாய்.

5. நிறுத்தத் தெரிந்தவனை உன் மூலையில் வை.

1975 அக்டோபர் 1, மணிலா. அலியும் ஜோ ஃப்ரேசியரும் மோதிய மூன்றாவது சண்டை. பதினாலு ரவுண்டு முடிந்துவிட்டது, பாக்கி ஒன்றே ஒன்று. ஃப்ரேசியருக்குக் கண் வீங்கி மூடிவிட்டது. எழுந்து போகத் துடித்தார். அதே எடி ஃபட்ச்தான் அவருடைய மூலையில். உட்கார வைத்துச் சண்டையை முடித்தார். பட்டம் வெல்லும் வாய்ப்பு போயிற்று. ஆனால் பிள்ளைகளே, மூன்று நிமிஷம் பாக்கி இருக்கும்போது நிறுத்துவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று மூலையில் நின்றவனுக்குத்தான் தெரியும். என் கணக்கில் அந்த ராத்திரி மூன்று வீரர்கள் இருந்தார்கள்.

டாக்டர் ஃபெர்டி பச்சேக்கோ வருஷக் கணக்காக அலியோடு இருந்தவர். 1977-இல் எர்னி ஷேவர்ஸ் சண்டை முடிந்தபின், சிறுநீரகம் கெடுகிறது என்று பரிசோதனை அறிக்கை வந்தது. அலிக்கும் சுற்றியிருந்தவர்களுக்கும் எழுதி அனுப்பினார். பதில் இல்லை. விலகிவிட்டார். கூட இருந்த மற்றவர்கள் விலகவில்லை. கூட இருப்பவர்களில் யார் உன் சண்டைக் காசில் சாப்பிடுகிறார்கள், யாருக்கு உன் காசே தேவையில்லை என்று பார்த்து வை. உண்மை பெரும்பாலும் இரண்டாவது ஆளிடமிருந்துதான் வரும்.

6. ஃபோர்மேனைக் காட்டி என்னிடம் வாதாடாதே.

எல்லோரும் சொல்வது இதைத்தான்: "ஜார்ஜ் ஃபோர்மேன் நாற்பத்தைந்து வயதில் சாம்பியன் ஆகலையா?" ஆனார். 1994 நவம்பர் 5, மைக்கேல் மூரரைப் பத்தாவது ரவுண்டில் சாய்த்தார். அதுவரை புள்ளியில் அவர் பின்னால் இருந்தார் என்பதையும் சொல்லு. அதற்கு முன் 1977-லிருந்து பத்து வருஷம் ரிங் பக்கமே வராமல் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லு. பத்து வருஷம் அவர் தலையில் அடியே விழவில்லை.

பெர்னார்டு ஹாப்கின்ஸைக் காட்டுவாய். அவர் நாற்பத்தொன்பதிலும் பட்டம் வைத்திருந்தவர், அடி வாங்காமல் தப்பிப்பதையே கலையாகச் செய்தவர், வாயைக் கட்டி வாழ்ந்தவர். அவரும் 2016-இல் ஐம்பத்தொரு வயதில் ஏறி, ஜோ ஸ்மித் அடித்த அடியில் கயிற்றைத் தாண்டி ரிங்குக்கு வெளியே விழுந்தார். இந்த இரண்டு பேரின் பெயர் உனக்குத் தெரிகிறது. ஃபோர்மேனைப் பார்த்துத் திரும்பி ஏறி, அடிபட்டு வீட்டுக்குப் போனவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

7. லைசன்ஸ் கொடுத்துவிட்டார்கள் என்பது காரணமில்லை.

முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் எவாண்டர் ஹோலிஃபீல்டை 2004-இல் நியூயார்க் விளையாட்டு ஆணையம் ரிங்கில் ஏற விடாமல் தடுத்தது. 2006-இல் அவர் டெக்ஸாஸில் சண்டை போட்டார். 2021-இல், 58 வயதில், கலிஃபோர்னியா ஒப்புக்கொள்ளாததால் சண்டையை ஃப்ளோரிடாவுக்கு மாற்றினார்கள். முதல் ரவுண்டிலேயே தோற்றார். ஒரு கதவு மூடினால் பக்கத்துக் கதவு திறக்கும் தொழில் இது.

8. காசு இல்லாமல் யாரும் இறங்க முடியாது.

ஜோ லூயிஸ் கிட்டத்தட்ட பன்னிரண்டு வருஷம் ஹெவிவெயிட் பட்டம் வைத்திருந்து 1949-இல் மரியாதையாக விலகினார். 1942-இல் இரண்டு சண்டைகளின் வருமானத்தைக் கடற்படைக்கும் ராணுவத்துக்கும் நிவாரண நிதியாகக் கொடுத்தவர். இருந்தும் வருமான வரிக்காரர்கள் விடவில்லை. கடனை அடைக்கத் திரும்பி வந்தார். 1951 அக்டோபர் 26, ராக்கி மார்சியானோ எட்டாவது ரவுண்டில் அடித்து அவரைக் கயிற்றுக்கு வெளியே தள்ளினார். லூயிஸுக்கு வயது 37. அவரைத் தெய்வமாக நினைத்து வளர்ந்தவர் மார்சியானோ. ஜெயித்துவிட்டு உடை மாற்றும் அறையில் அழுதார்.

நீ லூயிஸ் மாதிரி சம்பாதிக்கப் போவதில்லை. இந்தியாவில் புரொஃபஷனல் சண்டைகள் குறைவுதான். அதனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ போலீஸிலோ வேலை கிடைத்தால் வாங்கிக்கொள். கிடைக்காவிட்டால் ஒரு கைத்தொழில். கிடைக்கிற காசில் மூன்றில் ஒரு பங்கை அம்மா பெயரில் போடு. முப்பத்தைந்து வயதில் வாடகைக்காக ஏறுகிறவனிடம் நான் என்ன புத்தி சொல்ல முடியும்?

9. உன் பெயரை வாங்க வருவார்கள்.

சண்டைக்குப் பத்து நாள் முன்னால் போன் வரும். நல்ல காசு, எதிராளி வளர்ந்து வரும் பையன், உன் பழைய பெயருக்காகக் கூப்பிடுகிறோம் என்பார்கள். அந்தப் பையன் ஏறிப்போக ஒரு படி வேண்டும், அவ்வளவுதான். அப்படி முதல் போன் வருகிற அன்றைக்கே கிளவுஸைக் கழற்றி ஆணியில் மாட்டு.

10. தோல்வியோடு இறங்குவதில் அவமானமில்லை.

மார்சியானோ 1956-இல் 49 சண்டையும் ஜெயித்து, 32 வயதில் போய்விட்டார். லெனாக்ஸ் லூயிஸ் 2003-இல் வித்தாலி கிளிட்ஷ்கோவை வென்று, மறு ஆட்டத்துக்குக் கூப்பிட்ட பணத்தை விட்டுவிட்டு அடுத்த வருஷம் விலகினார். இந்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்க்காது. எனக்கு ரொம்பப் பிடித்தவர் மார்வின் ஹாக்லர். 1987 ஏப்ரலில் சுகர் ரே லெனார்டிடம் தீர்ப்பு பிளவுபட்டுத் தோற்றார். தான்தான் ஜெயித்ததாகக் கடைசிவரை நம்பினார். மறு ஆட்டத்துக்காகக் காத்திருந்து, அது நடக்காது என்றதும் இத்தாலிக்குப் போய் சினிமாவில் நடித்தார். திரும்பி வரவே இல்லை. ஜெயித்த லெனார்டோ, 1997-இல் நாற்பது வயதில் ஹெக்டர் கமாச்சோவிடம் ஐந்தாவது ரவுண்டில் விழுந்தார்.

நம் பக்கத்தில் ரோஷம் என்ற சொல் பெரிய சொல். இந்தச் சண்டைக்கே அந்தக் காலத்து நோட்டீஸில் ரோஷமான குத்துச்சண்டை என்றுதான் போடுவார்கள். அந்த ரோஷம்தான் உன்னைத் திரும்ப ஏற்றும். ஊர் என்ன சொல்லும் என்று நினைப்பாய். ஊர் இரண்டு நாள் பேசும். உன் பிள்ளையின் பெயர் உனக்கு ஞாபகம் இருக்கணும், அது முப்பது வருஷத்துக் காரியம்.

11. ஒரு பெயரை முடிவு செய்.

கடைசியாக இதுதான், மற்றதை மறந்தாலும் இதைச் செய். நிறுத்து என்று சொன்னால் எதிர்த்துப் பேசாமல் நீ நிறுத்தக்கூடிய ஒரே ஒரு ஆள். அம்மாவோ, அக்காவோ, கூடப் படித்தவனோ. நானாக இருக்க வேண்டாம், நான் ஒரு முறை வாயை மூடியவன், அதுவரை இருப்பேனா என்றும் தெரியாது. இன்று ராத்திரி வீட்டில் உட்கார்ந்து யோசி. ஞாயிற்றுக்கிழமை காலைப் பயிற்சிக்கு வரும்போது அந்த ஆளையும் கூட்டிக்கொண்டு வா. உனக்கு முன்னால் வைத்தே நான் அவரிடம் பேச வேண்டும்.