அப்பளம்: ஓர் உணவுப் பாடம்

விருந்தென்றால் அப்பளம் உண்டு. இலையின் ஓரத்தில் இடம்பெற்று, சோற்றோடு நொறுங்கி மறைந்துவிடும் அப்பண்டத்தைப் பற்றி ஒரு பாடமா என அங்கத்தினர்கள் வியக்கக்கூடும். எண்ணெயில் பொரித்த அப்பளத்தை யாவரும் அறிவர். நெருப்பில் சுட்ட அப்பளம் தனி உணவாகவும், பல சமையல்களுக்குத் துணைப்பொருளாகவும் பயன்படும் என்பதையோ நாம் மறந்து வருகிறோம். இம்மறதியால் சுவையோடு கைப்பொருளும் போகிறது என்பதே இப்பாடத்தின் கருத்து.

பெரியகுளம் வட்டத்து ஜெயமங்கலத்தில், அங்கத்தினர்களின் பாஸ் புத்தகங்களைச் சரிபார்க்க வீடு வீடாகச் சென்ற காலத்தில் நாம் கண்டதை முதலிற் கூறுவோம். அது கார்த்திகை மாதம். நான்கு நாட்களாக விடாத மழை. சந்தைக்குப் போவார் இல்லை. வயலில் வேலையும் இல்லை. நாம் சென்ற உழவர் இல்லத்தில் அன்று காய்கறி ஏதுமில்லை. அவ்வீட்டு மூதாட்டியார் தகர டப்பாவைத் திறந்து, ஆறு அப்பளங்களை எடுத்து அடுப்புக் கனலில் வாட்டினார். நான்கைத் துவையலாக அரைத்தார். இரண்டை நொறுக்கி ரசத்துச் சோற்றில் தூவினார். வீட்டார் அனைவரும் வயிறார உண்டனர். நமக்கும் இலை போட்டனர்.

"அப்பளம் வீட்டில் இட்டதா, அம்மா?" என்று கேட்டோம்.

"கடையில் வாங்கினதுங்க, ஐயா. நம்ம உளுந்து களத்திலேயே விலைபோயிடுச்சே!" என்றார் அவர்.

இவ்விடையில் ஒரு கணக்கு அடங்கியிருக்கிறது. அதைப் பின்னர்ப் பார்ப்போம்.

அப்பளம் பொரிவது எவ்வாறு?

அப்பளத்தின் உயிர் உளுந்து. உளுத்தமாவு நீர்பட்டதும் ஒருவகைக் கொழகொழப்பைத் தருகிறது. இட்லி மாவைப் பொங்கச் செய்வதற்கு உதவும் அத்தன்மையே, அப்பள மாவை அறுந்துபோகாமல் மெல்லியதாகத் தேய்க்கவும் இடமளிக்கிறது. நன்கு சலித்த மாவில் உப்பும் அப்பளக்காரமும் கரைத்த நீரை விட்டுப் பிசைந்து, எண்ணெய் தடவி உலக்கையால் இடித்துப் பதப்படுத்துவர். பிரண்டைச் சாறு சேர்ப்பதும் பழைய வழக்கம். பின்னர் மாவைத் திரித்து, நூலால் அறுத்து, தேய்த்து உலர்த்துவர்.

உலர்ந்த அப்பளத்திலும் சிறிது ஈரம் தங்கியிருக்கும். நெருப்பின் சூடு பட்டதும் அவ்வீரம் ஆவியாகி வெளியேற முயல்கிறது. அதனால் கொப்புளங்கள் எழுகின்றன. ஈரம் மிகுந்தால் அப்பளம் பூசணம் பிடிக்கும், சரியாகப் பொரியாது. கடுவெயிலில் மிகையாகக் காய்ந்தால் ஓரம் வெடித்து உடையும். ஆகையால் இளவெயிலிலும் நிழலிலும் பதமாக உலர்த்துவது நலம்.

சுடும் முறை

கனலாயினும் எரிவாயு அடுப்பாயினும் தீ தணிந்திருக்கவேண்டும். அப்பளத்தை இடுக்கியாற் பிடித்தோ, கம்பி வலைமேல் இட்டோ, ஓரிடத்தில் நிறுத்தாமல் திருப்பிக்கொண்டே வாட்டுக. ஓரங்களை முதலிலும் நடுவைப் பின்னரும் காட்டுக. மாவின் பச்சை நிறம் மாறி, கொப்புளங்கள் பொன்னிறமானதும் எடுத்துவிடுக, கருகினால் கசக்கும். தோசைக்கல்லில் இட்டு, துணிச் சுருளால் அழுத்தியும் சுடலாம். சுட்ட அப்பளம் காற்றின் ஈரத்தை விரைவில் ஏற்று நமத்துப்போகும். எனவே உடனே உண்க, அல்லது ஆறியதும் இறுக மூடிய டப்பாவில் வைக்க.

இம்முறையில் எண்ணெய் வேண்டுவதில்லை. நம் நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதியைக் கொண்டே நிறைவேறுகிறது என்பதை நினைத்தால், இச்சிக்கனத்தின் பொருள் விளங்கும்.

சமையலில் அதன் பயன்கள்

துவையல்: சுட்ட அப்பளம் நான்கு, வறுத்த மிளகாய் வற்றல் இரண்டு, தேங்காய்த் துருவல் ஒரு கைப்பிடி, பூண்டு இரண்டு பல், சுண்டைக்காயளவு புளி ஆகியவற்றைக் கொரகொரப்பாக அரைக்க. அப்பளத்திலேயே உப்பு உள்ளது. ருசி பார்த்த பின்னரே வேறு உப்பு சேர்க்க.

பொடி: சுட்ட அப்பளத்துடன் பொட்டுக்கடலை, வறுத்த மிளகாய், பூண்டு சேர்த்துப் பொடித்தால் சூடான சோற்றிற் பிசைந்து உண்ணலாம். உடைந்த அப்பளங்களைக் கழித்தெறியும் வீடுகளுக்கு இது ஏற்ற வழி.

குழம்பு: புளிக்குழம்பை இறக்கும் தறுவாயில் சுட்ட துண்டுகளை இடுக. முன்னரே இட்டால் கரைந்துவிடும். இறுதியில் இட்டால் காய்த்துண்டு போல் நின்று, குழம்பிற்குச் சற்றுக் கெட்டித்தன்மையும் தரும்.

சிற்றுண்டி: சுட்ட அப்பளத்தின்மீது நறுக்கிய சின்ன வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி ஆகியவற்றைப் பரப்பி, எலுமிச்சை பிழிந்தால் மாலைச் சிற்றுண்டியாகும். கீரைக் கூட்டின்மேல் தூவலாம். பழைய சோற்றிற்கும் கஞ்சிக்கும் துணையாகக் கொள்ளலாம்.

பிற நாட்டாரும் இதன் பயனை நன்கு அறிவர். காய்கறி அரிதாகும் ராஜஸ்தானத்தில் அப்பளத்தையே தயிர்க் குழம்பில் இட்டுக் கறியாக்குகின்றனர். மலையாள நாட்டில் புட்டுடனும் பயறுடனும் பப்படம் சேர்கிறது. பாயசத்தில் நொறுக்கி உண்பாரும் உண்டு.

எனினும் புகழ்ச்சி அளவுகடக்கலாகாது. நூறு கிராம் உளுந்தில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் உண்டு. ஆனால் ஓர் அப்பளத்தின் எடை சில கிராமே. பருப்பின் இடத்தை அது முற்றிலும் நிரப்பாது. உப்பும் காரமும் சேர்ந்திருப்பதால் இரத்த அழுத்தமுடையோர் அளவோடு கொள்ளவேண்டும். மைதாவோ அரிசிமாவோ கலந்தவையும் விற்பனைக்கு வருவதால், வாங்குவோர் உறையில் அச்சிட்டுள்ள பொருட்பட்டியலைப் படிக்கவேண்டும்.

மூதாட்டியாரின் கணக்கு

உளுந்தை விற்றவரும் அவரே; அதை அப்பளமாக விலைகொடுத்து வாங்கியவரும் அவரே. இடையில் நிகழ்ந்த உழைப்பின் ஊதியம் வேறொருவர் கைக்குப் போயிற்று. அவ்வுழைப்போ, நம் வீட்டுப் பெண்மணிகள் தலைமுறை தலைமுறையாக அறிந்தது!

இதற்கொரு மறுமொழியைப் பம்பாயில் ஏழு பெண்மணிகள் கண்டனர். 1959ஆம் ஆண்டு மார்ச் 15 அன்று, கிர்காம் பகுதியில் தங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில், கடனாகப் பெற்ற 80 ரூபாயைக் கொண்டு அப்பளம் இடத் தொடங்கினர். அன்று கிடைத்தவை நான்கு பொட்டலங்களே. நன்கொடை ஏற்பதில்லை என்று உறுதிபூண்டனர். அதுவே லிஜ்ஜத் அப்பள நிறுவனமாக வளர்ந்தது. 1966இல் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவாயிற்று. பல்லாயிரம் பெண்கள் இன்று அதன் கூட்டு உடைமையாளர்கள். நிறுவியவர்களுள் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட் அம்மையார் 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அவர்களுடைய முறையை நெசவாள அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். மாவைப் பொது இடத்தில் பிசைகின்றனர். பெண்கள் அதை வீட்டிற்கு எடுத்துச்சென்று தேய்த்து உலர்த்தி மறுநாள் கொணர்கின்றனர். தரம் பார்த்து, எடைக்கேற்பக் கூலி தருகின்றனர். சங்கம் நூல் கொடுக்க, வீட்டுத் தறியில் நெய்து, துணியை ஒப்படைத்துக் கூலி பெறும் நம் நெசவாளர் கூட்டுறவு முறையும் இதுவேயன்றோ? நூல் இருந்த இடத்தில் மாவு. தறி இருந்த இடத்தில் அப்பளப்பலகை. முறை நமக்குப் புதிதன்று.

ஆயினும் ஒன்று நினைவிலிருக்கட்டும். மழை பெய்தால் பாவும் காயாது, அப்பளமும் காயாது. மழைக்காலத்துக் கூலிக்கு இதனை நம்பலாகாது. வேனிலில் இட்டு, உலர்த்தி, டப்பாவில் அடைத்தால் அது மழைக்கால உணவாகும். மிகுந்தது விற்பனைச் சரக்காகும். விற்பதாயின் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின்படி பதிவு செய்துகொள்வது கடமை.

எடுத்த எடுப்பிலேயே பெரிய ஆலை வேண்டியதில்லை. இவ்வாண்டு களத்து உளுந்தில் ஒரு மரக்காலை விற்காமல் நிறுத்துக. நான்கு வீட்டார் கூடி மாவாக்கி இடுக. முதலில் நம் இலைக்கு. பின்னர் ஊர்ச் சந்தைக்கு.

அங்கத்தினர் கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. சென்ற ஆண்டு உங்கள் வீட்டில் எத்தனை கிலோ உளுந்தை விற்றீர்கள்? அப்பளத்திற்கு எவ்வளவு செலவிட்டீர்கள்?

2. உங்கள் ஊரில் அப்பளம் இடும் பதமறிந்த மூத்த பெண்மணிகள் எத்தனை பேர்? அவர்களிடம் கற்றுக்கொள்ளும் இளையோர் உளரா?

3. மாவைப் பொதுவில் பிசைந்து வீட்டில் இடும் முறையில், தரத்தைச் சோதிக்கும் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பீர்கள்? ஏன்?