வீட்டுக் காப்பீடு: வெள்ளம் வடிந்தபின் வரும் கேள்விகள்

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. இரண்டு வாரம் ஆவதற்குள் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் நிலைகுலைந்தன. சென்னைப் பகுதியில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு கொடுத்த நிவாரணம் 6,000 ரூபாய். நனைந்துபோன ஒரு ஃபிரிட்ஜுக்குப் பதில் புதிது வாங்கவே அது போதாது. மீதி இழப்பை ஈடுகட்ட வேண்டியது வீட்டுக் காப்பீடுதான். ஆனால் பாலிசி எடுத்தவர்கள் எழுதும் கடிதங்களில் நிம்மதியைவிட ஆத்திரமே அதிகம். அதில் பெரும்பகுதி நியாயமான ஆத்திரம்.

கேள்வி: வீட்டுக் கடன் வாங்கும்போது 'இன்சூரன்ஸ் கட்டாயம்' என்று சொல்லி ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் பிரீமியம் பிடித்தார்கள். வெள்ளத்தில் தரைத்தளம் முழுக்க நாசமானது. வங்கியில் போய்க் கேட்டால், 'இது வீட்டுக்கான பாலிசி இல்லை சார், உங்கள் உயிருக்கான பாலிசி' என்கிறார்கள். இது என்ன நியாயம்? (வேளச்சேரி வாசகர்)

பதில்: நியாயம் இல்லை. ஆனால் அடிக்கடி நடக்கிறது. கடன் மேசையில் நீட்டப்படும் காகிதங்களில் இரண்டு விதமான காப்பீடுகள் கலந்து கிடக்கும். ஒன்று, கடன் வாங்கியவர் இறந்தால் பாக்கிக் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடு. மற்றொன்று, தீ, புயல், வெள்ளத்தில் கட்டடம் சேதமானால் பணம் தரும் வீட்டுக் காப்பீடு. பிரீமியத்தில் பெரியது முதலாவதுதான். அதை விற்றால் வங்கிக்குக் கமிஷனும் பெரிது. கையெழுத்துப் போடுகிறவரோ வீட்டுக்குத்தான் காப்பீடு எடுத்திருப்பதாக நம்பிக்கொண்டு போகிறார்.

அந்தப் பிரீமியத்தைக் கடனோடு சேர்த்துவிட்டார்கள் என்றால் இழப்பு இன்னும் பெரிது. ஒரு லட்சம் ரூபாயை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனில் ஏற்றினால் மாதத் தவணையில் சுமார் 868 ரூபாய் கூடும். கடன் முடியும்போது அந்த ஒரு லட்சத்துக்கு 2 லட்சத்து 8 ஆயிரம் ரூபாய்க்கு மேல் கட்டியிருப்பீர்கள்.

அடமானத்தில் இருக்கும் வீட்டுக்குக் காப்பீடு வேண்டும் என்று வங்கி கேட்பதில் தவறில்லை. ஆனால் 'எங்களிடம்தான், இந்த நிறுவனத்தின் பாலிசியைத்தான் வாங்க வேண்டும்' என்று கட்டாயப்படுத்த அதற்கு உரிமை கிடையாது. உங்கள் கடன் கோப்பிலிருந்து எல்லாப் பாலிசிகளின் நகலையும் எழுத்து மூலமாகக் கேளுங்கள். சில கோப்புகளில் கட்டடத்துக்கும் ஒரு சிறிய பாலிசி எடுக்கப்பட்டு, அதன் காகிதம் வாடிக்கையாளர் கைக்கு வராமலே கிடக்கும். அப்படி ஒன்று இருந்து, சேதம் நடந்த நாளில் உயிரோடும் இருந்திருந்தால் உடனே கிளெய்ம் கொடுங்கள். தாமதத்துக்கான காரணத்தையும் கடிதத்தில் எழுதுங்கள்.

கேள்வி: 85 லட்சத்துக்கு வாங்கிய ஃபிளாட்டை 23 லட்சத்துக்குத்தான் காப்பீடு செய்ய முடியும் என்கிறார் ஏஜென்ட். மீதி 62 லட்சம் என் தலையிலா? (மடிப்பாக்கம் வாசகி)

பதில்: இந்த ஒரு விஷயத்தில் ஏஜென்ட் சொல்வது ஏறக்குறைய சரி. ஃபிளாட்டின் விலையில் பெரும்பங்கு நிலத்தின் விலை, அதாவது உங்களுக்கு உள்ள பிரிபடாத பாகம். வீடு எரிந்தாலும் வெள்ளத்தில் சேதமானாலும் நிலம் அங்கேயேதான் இருக்கும். அதனால் காப்பீடு நிலத்துக்குக் கிடையாது. அதே கட்டடத்தைத் திரும்பக் கட்டுவதற்கு ஆகும் செலவுக்குத்தான். 900 சதுர அடி கார்பெட் ஏரியா, சதுர அடிக்கு 2,500 ரூபாய் கட்டுமானச் செலவு என்று வைத்தால் 22.5 லட்சம் வருகிறது. 85 லட்சத்துக்கு பிரீமியம் கட்டினாலும் இடிந்ததைக் கட்டும் செலவுக்கு மேல் ஒரு ரூபாயும் வராது.

கட்டுமானச் செலவை உங்கள் பகுதிக் கொத்தனாரிடமோ பொறியாளரிடமோ கேட்டு, இன்றைய விலையில் எழுதுங்கள். நீண்டகாலப் பாலிசியில் காப்புத் தொகை ஆண்டுக்கு 10 சதவீதம் தானாகவே ஏறும். சிமெண்டும் கம்பியும் விலை ஏறுகிற வேகத்துக்கு அது அவசியமான ஏற்பாடு.

ஒன்றை மட்டும் சங்கத்தில் கேட்டுவையுங்கள். படிக்கட்டு, லிஃப்ட், மோட்டார் அறை, சுற்றுச்சுவர் ஆகியவை எல்லோருக்கும் பொதுவானவை. அவற்றுக்குக் குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் தனியாகப் பாலிசி இருக்க வேண்டும். பல அடுக்குமாடிகளில் அது இருப்பதில்லை.

கேள்வி: வெள்ளத்தில் கட்டில், பீரோ, வாஷிங் மெஷின், டிவி எல்லாம் போயின. சர்வேயர் பில் கேட்கிறார். எட்டு வருஷத்துக்கு முந்தைய பில்லுக்கு எங்கே போவது? கடைசியில் நாங்கள் கேட்டதில் பாதிக்கும் குறைவான ஒரு தொகையைச் சொல்லி, 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். (தூத்துக்குடி வாசகர்)

பதில்: முதலில் உங்கள் பாலிசி எந்த வகை என்று பாருங்கள். 2021 ஏப்ரல் 1 முதல், 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுப் பாலிசியை விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் அதன் அடிப்படை விதிகள் ஒன்றுதான். கட்டடத்துக்கு எடுத்தாலே, அந்தக் காப்புத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு வீட்டுச் சாமான்களுக்கும் காப்பு சேர்ந்துவிடும். அதற்குச் சாமான் பட்டியல் கொடுக்கத் தேவையில்லை. கட்டடம் 20 லட்சம் என்றால் சாமான்களுக்கு 4 லட்சம். அதைவிடக் கூடுதலாக வேண்டும் என்றால்தான் பட்டியல்.

இந்தப் பாலிசியால் வந்த பெரிய நன்மை வேறொன்று. பழைய பாலிசிகளில், 20 லட்சம் மதிப்புள்ள வீட்டை 10 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், 2 லட்சம் சேதத்துக்கு ஒரு லட்சம்தான் கிடைக்கும். குறைவாகக் காப்பீடு செய்ததற்காக ஒவ்வொரு கிளெய்மிலும் அதே விகிதத்தில் வெட்டு விழும். பாரத் கிருஹ ரக்ஷாவில் அந்த வெட்டு கிடையாது. உங்கள் தொகையில் பாதிக்கு மேல் குறைத்தவர்கள் எந்த விதியின்படி குறைத்தார்கள் என்று எழுத்தில் கேட்க வேண்டும். தேய்மானம் கழித்தார்களா, குறைவான காப்புத் தொகை என்று கழித்தார்களா, சில பொருள்களை நனையவே இல்லை என்று ஒதுக்கினார்களா என்று வரிவரியாகப் பதில் வாங்குங்கள். சர்வே அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு.

பில் விஷயத்தில் நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. 2024 ஜூனில் ஐஆர்டிஏஐ வெளியிட்ட தலைமைச் சுற்றறிக்கை, ஆவணம் இல்லை என்பதைக் காட்டிக் கிளெய்மை நிராகரிக்கக் கூடாது என்கிறது. தேவையான ஆவணங்களைப் பாலிசி கொடுக்கும்போதே கேட்டிருக்க வேண்டும் என்பது அதன் நிலை. பில் இல்லாவிட்டாலும் வேறு சான்றுகள் உண்டு. தவணையில் வாங்கிய பொருளுக்கு வங்கிக் கணக்கு அறிக்கை சாட்சி. பெரிய கடைகளில் உங்கள் கைப்பேசி எண்ணை வைத்தே பழைய பில்லை எடுத்துக் கொடுப்பார்கள். மெஷினின் பின்புறம் வரிசை எண் ஒட்டியிருக்கும். பொங்கலுக்கும் பிறந்த நாளுக்கும் எடுத்த படங்களில் பின்னணியில் நிற்கும் டிவியும் பீரோவும்கூட உதவும். நனைந்த பொருள்களைச் சர்வேயர் பார்க்கும்முன் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் படமும் வீடியோவும் எடுத்து, நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் போடுங்கள்.

அதே சுற்றறிக்கையில் காலக்கெடுவும் உண்டு: தகவல் கொடுத்த 24 மணி நேரத்தில் சர்வேயர் நியமனம், 15 நாளில் அறிக்கை, அறிக்கை வந்த 7 நாளில் முடிவு. சர்வேயர் சொன்னதுதான் கடைசி வார்த்தை என்றும் இல்லை. அவரது அறிக்கை முக்கியமானது, ஆனால் மறுக்க முடியாதது அல்ல என்று 2009இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

கையெழுத்துக்கு வருவோம். 'முழுத் தீர்வு' ரசீதில் ஒப்பமிட்டாலும், கூடுதல் தொகை கேட்டு மன்றத்துக்குப் போகும் உரிமை அதனால் பறிபோகாது என்று 2015இலேயே ஐஆர்டிஏஐ நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. இருந்தாலும், 'இந்தத் தொகையை ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுவது பாதுகாப்பு. கையில் காசில்லாத நேரத்தில் பணத்தையும் காகிதத்தையும் ஒன்றாக நீட்டிக் கையெழுத்து வாங்குவது வெள்ளத்தில் நனைந்தவரின் அவசரத்தைப் பயன்படுத்திக்கொள்வது. அது தவறு.

கேள்வி: இடி விழுந்ததில் ஏசியும் டிவியும் கருகின. பாலிசியில் 'மின்னல்' என்று தெளிவாக இருக்கிறது. ஆனாலும் இல்லை என்கிறார்கள்.

பதில்: மின்னல் விழுந்து சுவர் பிளந்தால் பணம் உண்டு. மின்னலால் மின்னழுத்தம் ஏறி, ஒரு மின்சாதனம் தனக்குள்ளேயே குறுக்குச் சுற்று ஏற்பட்டுக் கருகினால் அந்தச் சாதனத்துக்கு மட்டும் கிடையாது. அதிலிருந்து தீ பரவி மெத்தையும் அலமாரியும் எரிந்தால் அவற்றுக்கு உண்டு. விலக்குப் பட்டியலில் சின்ன எழுத்தில் இருக்கும் இந்த வரியை விற்கிறவர் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மின்சாதனப் பழுதுக்கான கூடுதல் காப்பைச் சில நிறுவனங்கள் தனியாகக் கொடுக்கின்றன. வீட்டில் இரண்டு மூன்று ஏசி இருந்தால் விசாரிக்கலாம்.

கேள்வி: ஊருக்குப் போயிருந்தபோது 12 பவுன் நகை திருட்டுப் போனது. வீட்டுக் காப்பீடு இருக்கிறது. திருட்டுக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பிறகு எதற்கு இந்தப் பாலிசி? (கும்பகோணம் வாசகி)

பதில்: கடிதங்களில் அதிகம் வருவது இந்தக் கேள்விதான். பாரத் கிருஹ ரக்ஷாவில் திருட்டு இருக்கிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. தீ, புயல், வெள்ளம், கலவரம் போன்ற காப்பில் உள்ள ஒரு நிகழ்வு நடந்து, அதைத் தொடர்ந்து 7 நாளுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டுமே பணம். சாதாரண நாளில் பூட்டை உடைத்துத் திருடுவதற்குத் தனியாகக் கொள்ளைக் காப்பு வாங்க வேண்டும்.

அந்தக் கொள்ளைக் காப்பிலும் ஒரு சிக்கல். பல பாலிசிகள் 'பலவந்தமாக உள்ளே நுழைந்ததற்கான அடையாளம்' கேட்கும். 2004இல் உச்ச நீதிமன்றம், பாலிசியில் அப்படி எழுதியிருந்தால் பலவந்தம் இல்லாத திருட்டுக்கு நிறுவனம் பணம் தர வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. அது ஒரு வணிகரின் சரக்கு தொடர்பான வழக்கு. தத்துவம் வீட்டுக்கும் பொருந்தும். திறந்து கிடந்த கதவு வழியே வந்தவரோ, மாற்றுச் சாவி வைத்திருந்தவரோ எடுத்துப்போனால் கிடைக்காமல் போகலாம். எனவே 'கொள்ளை' மட்டுமா, 'திருட்டு' என்ற சொல்லும் பாலிசியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

நகை சாமான் கணக்கில் வராது. விலைமதிப்புள்ள பொருள்கள் என்ற பிரிவில் தனியாக அறிவித்து, மதிப்பையும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். ரொக்கம் அடிப்படைப் பாலிசியில் இல்லவே இல்லை. 'அப்படியானால் லாக்கரே மேல்' என்று தோன்றும். ரிசர்வ் வங்கி விதிப்படி, 2022 ஜனவரி முதல், தீ, திருட்டு, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் லாக்கர் பொருள் போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரை. வாடகை 3,000 என்றால் 3 லட்சம். 12 பவுனின் இன்றைய விலைக்கு அது பக்கத்தில்கூட வராது. வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைப் பேரிடரால் போனால் அந்தப் பொறுப்பும் இல்லை.

கேள்வி: சுவரில் ஓதம் ஏறுகிறது, கூரையில் விரிசல். கிளெய்ம் உண்டா?

பதில்: கிடையாது. காப்பீடு திடீரென்று நடப்பதற்கு. மெல்ல மெல்ல நடப்பதற்கு அல்ல. புதுக் கட்டடம் அமர்வதால் வரும் விரிசல், மோசமான வேலைப்பாடு, கடல் அரிப்பு எல்லாமே விலக்கு. கடலோர மீனவக் கிராமங்களில் வீடு கட்டியவர்கள் இந்தக் கடைசி வரியைக் கவனிக்க வேண்டும்: புயலில் அலை அடித்துச் சேதமானால் ஒன்று, வருஷக்கணக்கில் கரை அரித்து அடித்தளம் சரிந்தால் வேறொன்று. தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்துச் சேதமானால் மட்டும் காப்பு உண்டு.

கேள்வி: வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு வழி உண்டா? பிரீமியம் எவ்வளவு ஆகும்? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம். வீட்டு உரிமையாளரின் பாலிசி உங்கள் பொருள்களுக்குப் பணம் தராது. கட்டணம் ஊர், கட்டட வகை, தொகை, நிறுவனம் பொறுத்து மாறும். அதற்கு மேல் பிரீமியத்தில் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆயுள், மருத்துவக் காப்பீட்டில் தனிநபர்களுக்குக் கிடைத்த வரிவிலக்கு வீட்டுக்கு வரவில்லை. வெள்ளத்துக்குப் பயந்து காப்பீடு எடுக்கும் குடும்பத்திடம் இந்த வரியை வாங்குவது சரியல்ல. நான்கு நிறுவனங்களிடம் ஒரே தொகைக்கு விலை கேட்டால் வித்தியாசம் தெரியும். இடையில் வேண்டாம் என்று தோன்றினால் பாலிசியை ரத்துசெய்து, மீதிக் காலத்துக்கான பணத்தைத் திரும்பப் பெறலாம்.

கேள்வி: நிறுவனம் கடைசிவரை மறுத்துவிட்டால்?

பதில்: முதல் படி, நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்து மூலம் புகார். கூடவே ஐஆர்டிஏஐயின் 'பீமா பரோசா' தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ பதிவுசெய்யலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். 2023 நவம்பரிலிருந்து 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். அந்தத் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.

அங்கும் சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். எந்த ஆணையம் என்பது நீங்கள் கட்டிய பிரீமியத்தை வைத்து முடிவாகும், கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல. ஆகவே வீட்டுக் காப்பீட்டு வழக்குகள் உங்கள் மாவட்டத்திலேயே நடக்கும். 5 லட்சத்துக்குள் பிரீமியம் என்றால் மனுக் கட்டணமும் இல்லை. கால வரம்பு இரண்டு ஆண்டு. மறுப்புக் கடிதத்தின் தேதியைக் குறித்து, அதன் உறையையும் சேர்த்தே வைத்திருங்கள்.