பட்டி என்றொரு சொல்

நுழையும்முன்

பிறந்த ஊர் ஒன்று, வாழும் ஊர் வேறொன்று என்பதே நம்மில் பலருடைய நிலை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இடம்பெயர்ந்தோர் ஏறத்தாழ 45 கோடிப் பேர். திருமணத்தால் ஊர் மாறிய பெண்கள் அவர்களுள் மிகப் பலர். ஆயினும் பிழைப்பு நாடிப் பெயர்ந்தோர் தொகையும் சிறிதன்று. புதிய ஊரில் அவர்கள் வாய்திறந்து பேசவும், அவ்வூரார் செவிசாய்க்கவும் வழிசெய்த சில முயற்சிகளை இப்பாடத்தில் காண்போம்.

பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் நான் கொச்சியில் பணியாற்றியபோது, ஆறாம் வகுப்பில் ஒரு மாணவி புதிதாகச் சேர்ந்தாள். தந்தைக்குத் துறைமுகத்தில் வேலை. முதல் நாள் வகுப்பில் ஒவ்வொருவரும் தம் பெயரையும் சொந்த ஊரையும் கூறினர். அவள் முறை வந்தது. எழுந்து நின்று, "உசிலம்பட்டி" என்றாள். வகுப்பே சிரித்தது.

சிரிப்பின் காரணம் அவளுக்கு விளங்கவில்லை. மலையாளத்தில் 'பட்டி' என்றால் நாய். சிரித்தவர்களிடம் வன்மம் எதுவும் இல்லை. கேட்ட சொல் அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது, அவ்வளவே. ஆனால் மறுநாள் முதல் இடைவேளைகளில் அவளைக் கண்டதும் சிலர் குரைக்கத் தொடங்கினர். ஒரு வாரம் கழித்துத் தமிழ் வகுப்புக்கு வந்தவள், "இனி யார் கேட்டாலும் மதுரை என்றே சொல்லிவிடுகிறேன், டீச்சர்" என்றாள். அவளுடைய ஏட்டின் மேலுறையில் ஊர்ப்பெயர் இருந்த இடம் அழிப்பானால் தேய்ந்து, தாள் மெலிந்திருந்தது.

எனக்கும் அவ்வூரில் தொடக்கம் எளிதாக இருக்கவில்லை. தமிழ் அறிந்தவருக்கு மலையாளம் தானே வந்துவிடும் என்று இறுமாந்திருந்தேன். உணவகத்தில் ஒருவர், "வெள்ளம் வேண்டுமா?" என்று கேட்டபோது திகைத்துப் போனேன். நமக்கு வெள்ளம் பெருக்கு. அவர்களுக்கு அதுவே குடிக்கும் தண்ணீர். உறவு நெருங்கிய மொழிகளில்தான் இத்தகைய இடறல்கள் மிகுதி. நான் பெரியவள், சிரித்துக் கடந்துவிட்டேன். பதினொரு வயதுச் சிறுமியால் அவ்வாறு கடக்க இயலவில்லை.

அவளுக்கு என்ன மறுமொழி சொல்வது என்று எண்ணியிருந்தபோது, அதே எர்ணாகுளம் மாவட்டத்தைச் சேர்ந்த பெரும்பாவூர் நினைவுக்கு வந்தது. ஒட்டுப்பலகைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. வங்கம், அசாம், ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் அங்கே திரளாக வாழ்கின்றனர். கேரளம் முழுவதும் இத்தகையோர் 25 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருப்பர் என்று 2013ஆம் ஆண்டு ஆய்வொன்று மதிப்பிட்டது. அவர்களுக்கு முன்பு அவ்வேலைகளைச் செய்தவர்கள் யார் தெரியுமா? பெரும்பாலும் நம்மவர்கள்தாம். சாலை போடவும் சுவர் எழுப்பவும் தமிழகத்திலிருந்து சென்றவர்கள் பல்லாண்டுகள் அங்கே உழைத்தனர். கொச்சியின் வாத்துருத்தியில் அவர்களுடைய குடியிருப்பு இன்றும் இருக்கிறது.

வந்தவர்களை எப்பெயரால் அழைத்தனர் என்பதைப் பாருங்கள். முதலில் 'அன்ய சம்ஸ்தான தொழிலாளி' என்றனர். அயல் மாநிலத் தொழிலாளி என்பது பொருள். 'அன்ய' என்னும் சொல் உறுத்தியது. 'இதர சம்ஸ்தான' என்று மாற்றினர். பின்னர் அரசே 'அதிதி தொழிலாளி', அதாவது விருந்தினர் தொழிலாளி, என்னும் சொல்லைக் கொண்டுவந்தது. இன்சொல்தான், மறுப்பதற்கில்லை. எனினும் எனக்கு அதில் ஒரு குறை தோன்றும். விருந்தினர் எப்போது புறப்படுவார் என்பது வீட்டார் மனத்தில் எப்போதும் இருக்கும். ஒருவர் இருபது ஆண்டுகள் உழைத்து, பிள்ளைகளையும் அவ்வூரிலேயே படிக்கவைத்த பிறகும் அவர் விருந்தினர்தாமா? பிறரைச் சொல்வானேன்? வட மாநிலங்களில் நம்மை 'மதராஸி' என்று ஒரே சொல்லில் அடக்கும்போது நமக்குச் சினம் வருகிறது. திருப்பூரிலும் கோவையிலும் வேலைக்கு வந்தவர்களை நம்மவர்களில் சிலர் 'வடக்கன்' என்கிறார்கள்.

2017ஆம் ஆண்டு கேரள மாநில எழுத்தறிவு இயக்கம் பெரும்பாவூரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. வந்த தொழிலாளருக்கு நான்கு மாதங்களில் மலையாளம் பேசவும் படிக்கவும் கற்பிப்பது அதன் நோக்கம். அதற்கு இட்ட பெயர் 'சங்ஙாதி'. தோழன் என்று பொருள். "உன் சங்காத்தமே வேண்டாம்" என்று நம் ஊர்களில் சொல்வதைக் கேட்டிருப்பீர்களே, அந்தச் சங்காத்தத்துக்கு உறவான சொல்தான் அது. விருந்தினர் என்னும் சொல்லைவிட இது எனக்கு உவப்பாயிற்று. தோழன் புறப்படும் நாளை யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

அத்திட்டத்துக்கென எழுதப்பட்ட பாடநூலின் பெயர் 'ஹமாரி மலையாளம்'. 'ஹமாரி' இந்திச் சொல். 'எங்களுடைய' என்று பொருள். கற்கவந்தவரின் சொல் முன்னும், கற்கும் மொழியின் பெயர் பின்னும் நின்று ஒரு தலைப்பாகியிருக்கின்றன. மொழி ஆசிரியராகிய எனக்கு அத்தலைப்பே ஒரு பாடமாக இருந்தது. தொழிலாளருக்கு முதலில் வேண்டியவை இலக்கண நூற்பாக்கள் அல்ல. பேருந்தில் இறங்குமிடம் கேட்க வேண்டும். மருத்துவரிடம் எங்கே வலி என்று சொல்ல வேண்டும். கூலி குறைந்தால் "குறைகிறது" என்று சொல்ல வேண்டும். தன் குறையைத் தானே சொல்ல இயலாதவருக்காகப் பிறர் பேசுவர். பிறர் பேசினால் பிறர் கருத்தும் அதில் கலந்துவிடும்.

பிள்ளைகளுக்காக அதே ஆண்டில் எர்ணாகுளம் மாவட்ட நிருவாகம் தொடங்கியது 'ரோஷ்னி' என்னும் திட்டம். பள்ளி மணி அடிப்பதற்கு முன்னரே அப்பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு நடந்தது. காலைச் சிற்றுண்டியும் தந்தனர். இந்தியோ வங்கமோ ஒடியாவோ அறிந்த தன்னார்வலர் பிள்ளையின் மொழியில் பேச்சைத் தொடங்கி, சிறிது சிறிதாக மலையாளத்துக்கு அழைத்துச் சென்றார். வீட்டு மொழியை வாசலில் கழற்றிவைத்துவிட்டு வா என்று யாரும் சொல்லவில்லை.

இதைக் கண்டபின் எங்கள் பள்ளியிலும் சிறிதாக ஒன்று செய்து பார்த்தேன். வகுப்பாசிரியரிடம் வாரத்துக்கு இருபது நிமிடம் கேட்டுப் பெற்றேன். 'ஊர்ப்பெயர்க் கதை' என்று அதற்குப் பெயரிட்டோம். ஒவ்வொரு வாரமும் ஒருவர் தம் ஊர்ப்பெயரின் பொருளைச் சொல்ல வேண்டும். அறிந்தவர்கள் தாமே சொல்லலாம். அறியாதவர்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டு வரலாம். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது. இடம்பெயர்ந்தவரிடம் துயரக் கதையை மட்டுமே எதிர்பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதையும் தவிர்க்க எண்ணினேன். ஒரு மாணவன் ஆண்டு முடியும்வரை பேசவே இல்லை. அவன் காரணத்தை நான் கேட்கவுமில்லை.

தர்பங்காவிலிருந்து வந்த சிறுவன் முதலில் பேசினான். அப்பெயர் வங்கத்தின் வாயில் என்று பொருள்படும் என அவன் தாத்தா சொல்வாராம். ஐந்தாம் வாரம் நம் மாணவி எழுந்தாள். முந்தைய இரவு தொலைபேசியில் பாட்டியிடம் கேட்டு எழுதிவைத்திருந்த தாள் கையில் நடுங்கியது. உசில மரங்கள் நிறைந்த ஊர் உசிலம்பட்டி என்றாள். அம்மரத்தின் இலையை உலர்த்தி இடித்தால் தலைக்குத் தேய்க்கும் அரப்புத்தூள் ஆகும் என்றாள். ஆடு மாடுகளை இரவில் அடைக்கும் தொழுவம் பட்டி. அதைச் சுற்றி வீடுகள் எழுந்து ஊரானது என்றாள். "மழைக்காலத்தில் பாட்டியின் ஆட்டுப்பட்டியில் குட்டிகளோடு நானும் படுத்திருக்கிறேன்" என்று அவள் சொன்னபோது முன்வரிசையில் ஒருத்தி, "எத்தனை குட்டிகள்?" என்று கேட்டாள்.

அப்போது குரைத்தவர்களுள் ஒருவன் கையை உயர்த்தினான். அவன் தாய்வழிப் பாட்டியின் ஊர் திருச்சூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஊரின் பெயர் பட்டிக்காடு. "அங்கும் நாய் இல்லையா, டீச்சர்?" என்றான். இம்முறை முதலில் சிரித்தவள் அவள்தான். தமிழில் பட்டிக்காடு என்றால் என்ன பொருள் என்பதை இடைவேளையில் அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

சொல்லும் பொருளும்

பட்டி – ஆடு மாடு அடைக்கும் இடம், சிற்றூர்
சங்காத்தம் – நட்பு, தொடர்பு
விருந்து – புதுமை (பழந்தமிழ் வழக்கு), விருந்தினர்
வன்மம் – மனத்தில் தங்கிய பகை

பயிற்சி

1. 'அதிதி', 'சங்ஙாதி' ஆகிய இரண்டில் எச்சொல் பொருத்தமானது? ஆசிரியரின் கருத்தை ஏற்கவேண்டியதில்லை. உங்கள் காரணத்தை ஐந்து வரிகளில் எழுதுக.

2. நீங்கள் வாழும் ஊரின் மொழியிலும் தமிழிலும் ஒலி ஒன்றாகவும் பொருள் வேறாகவும் உள்ள சொற்கள் இரண்டினைக் கண்டறிந்து எழுதுக.

3. உங்கள் வீட்டில் முதன்முதலாக ஊர்விட்டு ஊர் வந்தவர் யார்? புறப்பட்ட நாளில் அவர் கையில் என்னென்ன இருந்தன என்று கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வருக. வட்டாரச் சொற்களைத் திருத்த வேண்டா.