தாலாட்டத் தூளி, உறங்கத் தட்டையான படுக்கை

பிறந்த குழந்தையுடன் வீடு திரும்பும் பெற்றோர் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் பால், குளியல், தடுப்பூசி ஆகியவற்றைப் பற்றியே அமைகின்றன. இரவில் குழந்தையை எங்கே, எவ்வாறு படுக்க வைப்பது என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. பச்சிளங்குழந்தை ஒரு நாளில் சுமார் 14 முதல் 17 மணி நேரம் உறங்குகிறது. அவ்வுறக்கம் பாதுகாப்பாக அமைவதற்குச் செலவேதும் தேவையில்லை. சில எளிய விதிகளை வீட்டிலுள்ள அனைவரும் ஒரே மாதிரியாகக் கடைப்பிடித்தால் போதும்.

மல்லாந்து படுப்பதே முறை

நல்ல உடல்நலத்துடன் இருந்த குழந்தை, தெளிவான காரணமின்றி உறக்கத்திலேயே இறந்துபோவதைத் 'திடீர்ச் சிசு மரணம்' என்கிறோம். இது அரிதானது, எனினும் பிறந்து இரண்டாம் மாதம் முதல் நான்காம் மாதம் வரையில்தான் மிகுதியாக நேர்கிறது. முன்னாளில் மேலைநாட்டு மருத்துவர்கள் பலர் குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்குமாறு அறிவுறுத்தினர். அப்பழக்கத்திற்கும் இம்மரணங்களுக்கும் தொடர்பு உண்டு என்பது ஆய்வுகளால் புலப்பட்டபின், 1991இல் பிரிட்டனும், 1994இல் அமெரிக்காவும் குழந்தைகளை மல்லாந்து படுக்க வைக்குமாறு நாடு தழுவிய பரப்புரையைத் தொடங்கின. அடுத்த சில ஆண்டுகளில் அந்நாடுகளில் இம்மரணங்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. புதிய மருந்தோ கருவியோ இன்றி, படுக்கும் நிலையை மாற்றியதால் கிடைத்த பயன் இது.

மல்லாந்து படுத்தால் கக்கிய பால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும் என்று பெரியோர் அஞ்சுவது இயல்பே. ஆனால், மல்லாந்த நிலையில் மூச்சுக்குழல் மேலும் உணவுக்குழல் கீழுமாக அமைகின்றன. மேலேறி வரும் பால், மேலே உள்ள மூச்சுக்குழலுக்குள் எளிதில் புகுவதில்லை. குப்புறப் படுக்கும்போது இவ்வமைப்பு தலைகீழாகிறது. மேலும், துணியில் முகம் புதைந்தால் தான் வெளிவிட்ட மூச்சையே குழந்தை மீண்டும் உள்ளிழுக்க நேர்கிறது. ஒருக்களித்துப் படுக்க வைத்தாலும் குழந்தை எளிதில் குப்புறச் சரிந்துவிடும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சில வேளைகளில் குப்புறப் படுக்க வைப்பதைப் பெற்றோர் கண்டிருக்கலாம். அங்கே மூச்சையும் இதயத் துடிப்பையும் கருவிகள் இடைவிடாது கண்காணிக்கின்றன. வீட்டில் அக்கண்காணிப்பு இல்லை. எனவே அக்குழந்தைகளும் வீட்டில் மல்லாந்தே உறங்க வேண்டும்.

தூளியை என்ன செய்வது?

கைத்தறிச் சுங்குடிச் சேலைக்குப் பெயர்பெற்ற சின்னாளப்பட்டியில், உடுத்தி மென்மையான பழைய பருத்திச் சேலையில் தூளி கட்டாத வீடு குறைவு. தூளியின் அசைவும் அணைப்பும் அழும் குழந்தையை விரைவில் அமைதிப்படுத்துகின்றன. அதை அடியோடு கைவிடுமாறு நாங்கள் கூறவில்லை. விழித்திருக்கும் ஒருவர் அருகில் அமர்ந்து ஆட்டும்போது மட்டுமே தூளி பயன்பட வேண்டும்; வீட்டினர் அனைவரும் உறங்கும் இரவு முழுவதற்கும் அது ஏற்ற படுக்கையன்று என்பதே எங்கள் அறிவுரை.

இதற்குக் காரணம் குழந்தையின் உடலமைப்பு. பச்சிளங்குழந்தையின் தலை உடலை நோக்கப் பெரியது, பிடரி புடைத்தது, கழுத்துத் தசைகளோ வலுவற்றவை. வளைந்த துணியில் கிடத்தும்போது தலை முன்னோக்கி மடிந்து, மோவாய் மார்பில் படிகிறது. நூலிழைக் குழாய் போன்ற குறுகலான மூச்சுக்குழல் இவ்வாறு மடிந்தால் மூச்சு தடைபடும். அந்நிலையிலிருந்து தலையை நிமிர்த்திக்கொள்ளும் வலிமை குழந்தைக்கு இல்லை. சத்தமின்றி நிகழ்வதால் அருகில் உறங்குபவரும் இதை அறியார்.

பகலில் தூளியைப் பயன்படுத்துவோர் பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்:

• பருத்திச் சேலையையே கட்டுக. வழுவழுப்பான செயற்கைப் பட்டில் முடிச்சு நழுவும். கிழிசல் உண்டா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும்.

• துணியின் இரு பக்கமும் முகத்தின்மேல் மூடாதபடி தொட்டில் கம்பைப் பொருத்துக. குழந்தையின் முகம் எப்போதும் வெளியே தெரிய வேண்டும்.

• மோவாய்க்கும் மார்புக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும்.

• விட்டத்துக் கொக்கி, கயிறு, சுருள்கம்பி ஆகியவற்றின் உறுதியைச் சோதிக்க வேண்டும். தூளியைத் தரைக்கு அருகில் தாழக் கட்டி, அடியில் பாய் விரித்து வைக்கலாம்.

• குழந்தை புரளத் தொடங்கியதும் தூளியை நிறுத்திவிட வேண்டும்.

• பயன்பாடு முடிந்ததும் சேலையை அவிழ்த்துவிடுக. இயலாவிடில் எட்டாத உயரத்தில் சுருட்டிக் கட்டுக. தொங்கும் சேலையில் விளையாடிய மூத்த குழந்தைகளின் கழுத்து இறுகி உயிரிழப்பு நேர்ந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

குழந்தை தூளியில் உறங்கிவிட்டால், சில நிமிடங்களில் உறக்கம் ஆழ்ந்து கைகால்கள் தளரும். அப்போது மெல்ல எடுத்துத் தட்டையான படுக்கைக்கு மாற்றலாம். இரண்டொரு நாள் விழித்து அழக்கூடும், பின்னர் பழகிவிடும்.

இரவுப் படுக்கை எப்படி இருக்க வேண்டும்?

படுக்கை தட்டையாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். கையால் அழுத்தி எடுத்தால் குழி நிலைக்காமல் மேற்பரப்பு சமமாதல் வேண்டும். மரத்தொட்டிலோ கம்பித்தொட்டிலோ வாங்குவோர், சட்டங்களுக்கு இடைப்பட்ட வெளி 6 சென்டிமீட்டருக்கு மேற்படாததாகவும், மெத்தைக்கும் பக்கச் சட்டத்திற்கும் இடையே சந்து இல்லாததாகவும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தொட்டில் வாங்க இயலாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. தரையில் விரித்த பாயின்மேல், மடிப்பின்றி இழுத்து விரித்த கெட்டியான விரிப்பே போதுமானது. அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்காக 2015இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட பரிசுப் பெட்டகத்தின் 16 பொருள்களில் குழந்தைப் படுக்கையும் கொசுவலையும் அடங்கும். அத்தகைய படுக்கையைக் கட்டிலின் விளிம்பிலன்றித் தரையிலோ தொட்டிலிலோ வைத்துப் பயன்படுத்துக.

படுக்கையில் குழந்தையைத் தவிர வேறொன்றும் இருத்தலாகாது. தலையணை, தலை உருண்டையாக அமைவதற்கென வைக்கும் கடுகுத் தலையணை, பக்கவாட்டில் அணைக்கும் உருளைத் தலையணை, கனத்த போர்வை, பொம்மை அனைத்தையும் அகற்றிவிடுக. கழுத்துச் சங்கிலி, தாயத்துக் கயிறு, ஊக்கு ஆகியவற்றை இரவில் கழற்றிவிட வேண்டும். தறி உள்ள வீடுகளில் நூலும் கயிறும் குழந்தையின் கைக்கெட்டாத தொலைவில் இருக்க வேண்டும்.

மல்லாந்தே படுத்தால் தலை தட்டையாகிவிடுமோ என்று கவலைப்படுவோர், பகலில் குழந்தை விழித்திருக்கும்போது, தாம் பார்த்துக்கொண்டிருக்கையில், சில நிமிடங்கள் குப்புறக் கிடத்தி விளையாட்டுக் காட்டலாம். கழுத்தும் வலுப்பெறும்.

வெப்பமும் குளிரும்

சித்திரை, வைகாசி வெயிலில் கூடக் குழந்தைக்குக் குல்லாயும் காலுறையும் அணிவித்துக் கம்பளியில் சுற்றுவதைக் காண்கிறோம். அளவுக்கு மீறிய வெப்பமும் உறக்கத்தில் ஆபத்தை விளைவிக்கும். மெல்லிய பருத்தி உடை ஒன்று போதும். மின்விசிறியை மிதமாகச் சுழலவிடலாம். மார்கழி, தை மாதங்களில், பெரியவர் அணிவதைவிட ஓர் அடுக்கு மிகுதியாக அணிவிக்கலாம்.

குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் இதமான சூட்டில் இருந்தால் நலம். வயிறு சூடாகவும் பாதம் குளிர்ந்தும் இருந்தால் ஓர் உடை கூடுதலாகத் தேவை. இரண்டும் குளிர்ந்திருந்தால் குழந்தையைத் தாயின் மார்போடு தோலுடன் தோலாக அணைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவருக. கழுத்தும் முதுகும் வியர்த்திருந்தால் உடையைக் குறைக்க வேண்டும்.

கொசுவிற்கு வலையே சிறந்தது. வலை முகத்தில் படியாதவாறு இறுக்கமாக இருக்க வேண்டும். மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருளோ சாம்பிராணியோ புகைக்கலாகாது. புகைபிடிப்பவர் உள்ள வீட்டில் திடீர்ச் சிசு மரணத்தின் வாய்ப்பு கூடுகிறது என்பதைத் தந்தையர் கருத்தில் கொள்ள வேண்டும்.

அருகில், ஆனால் தனிப் படுக்கையில்

முதல் ஆறு மாதங்களேனும் குழந்தை, தாய் உறங்கும் அறையிலேயே, கை எட்டும் தொலைவில், தனிப் படுக்கையில் உறங்குவது நல்லது. இரவில் பால் கொடுப்பதும் எளிதாகும். தாய்ப்பாலே இம்மரணத்திலிருந்து ஓரளவு காப்பளிக்கிறது. பால் கொடுத்து, தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்து, பின்னர் மல்லாந்து கிடத்துக. குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை ஆகியோருடனும், பெரியவர் எவரேனும் மது அருந்தியிருந்தாலோ தூக்கம் தரும் மருந்து உட்கொண்டிருந்தாலோ, ஒரே படுக்கையைப் பகிர்ந்துகொள்ளவே கூடாது. சோபாவில் குழந்தையை மார்பில் வைத்தபடி உறங்குவது மிகவும் ஆபத்தானது.

அம்மாச்சிக்கும் அப்பத்தாவிற்கும்

நம் பகுதியில் தாயும் சேயும் முதல் சில மாதங்களைத் தாய்வீட்டில் கழிக்கின்றனர். ஆபத்து மிகுந்த மாதங்களும் அவையே. அப்போது இரவில் குழந்தையைக் கிடத்துபவர் பெரும்பாலும் அம்மாச்சி. பின்னர் அப்பத்தாவின் வீட்டிற்குச் சென்றதும் கைகள் மாறுகின்றன. மல்லாந்து உறங்கிப் பழகிய குழந்தையைத் திடீரெனக் குப்புறக் கிடத்துவது கூடுதல் ஆபத்தை விளைவிக்கும். எனவே இச்செய்தி இளந்தாயிடம் மட்டும் நின்றுவிடாமல் இரு வீட்டாரையும் சென்றடைய வேண்டும். பல குழந்தைகளை வளர்த்த பெரியோரின் அனுபவத்தை நாங்கள் மதிக்கிறோம். அவர்கள் ஏற்றுக்கொண்டால்தான் இவ்விதிகள் வீட்டில் நிலைக்கும்.

உடனே வர வேண்டிய அறிகுறிகள்

உதடு நீலமாதல், மூச்சு விடும்போது மார்பின் அடிப்பகுதி உள்வாங்குதல், இரண்டு மாதத்திற்கு உட்பட்ட குழந்தை நிமிடத்திற்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு விடுதல், பால் குடிக்க மறுத்தல், 100.4 டிகிரி பாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல், எழுப்பியும் எழாத சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு வருக. குழந்தை மூச்சின்றி, அசைவின்றிக் கிடந்தால் உள்ளங்காலைத் தட்டி எழுப்ப முயன்றவாறே 108ஐ அழைத்து, அவர்கள் கூறும் முதலுதவியைத் தொடங்குக.

ஆறு, பத்து, பதினான்காம் வாரத் தடுப்பூசிகளுக்கு வரும்போது, குழந்தையை இரவில் எங்கே, எப்படிக் கிடத்துகிறீர்கள் என்று நாங்கள் கேட்போம். இயன்றால் அம்மாச்சியையும் உடன் அழைத்து வாருங்கள்.